மாட்டாஸ்பத்திரியில் ஒரு முயல் குட்டி

மாட்டாஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளை வாயில்லா ஜீவன்கள் என்பார்கள். கூட வருகிறவர்களுக்கு வாய் உண்டு என்பதுதான் நம் தொழிலின் கஷ்டம். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் கம்பவுண்டராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுதியதைக் கலக்கிக் கொடுத்தே காலம் தள்ளிய சகோதரர்களே, நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும்.

நாய் கொண்டுவந்த கேஸ்

சவரிமுத்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒரு நாள் மனைவி ரோஸம்மாளோடு வந்தார். அவளுக்கு நிறை வயிறு. கையிலிருந்த துணிப்பைக்குள் ஒரு காட்டு முயல் குட்டி, நெஞ்சு படபடவென்று அடிக்கக் கிடந்தது. அவர்கள் வளர்க்கும் நாய் டைகர் புதரிலிருந்து பல் படாமல் கவ்விவந்து அவள் காலடியில் போட்டதாம்.

"தாய் எங்கே?" என்று கேட்டேன். சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். முந்தின நாள் அதே நாய் அதே புதரிலிருந்து பெரிய முயலைக் கடித்துக் கொண்டுவந்திருக்கிறது. இவர்கள் குழம்பு வைத்துவிட்டார்கள்.

ரோஸம்மாளுக்கு இதற்கு முன் பிறந்தது எதுவும் தங்கவில்லை. என் மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தாயைத் தின்ன வாய் சார் இது. இந்தக் குட்டி பொழைச்சாத்தான் என் வயித்துல இருக்கிறதும் பொழைக்கும்."

பால் விவகாரம்

காட்டு முயல் கைக்குத் தங்காது என்று சொல்லிவிட்டு டாக்டர் ஜீயபுரத்துக்கு மாடு பார்க்கப் போய்விட்டார். குட்டி என் தலையில் விழுந்தது. ஒரு கூடையில் போட்டு மாட்டுப்பால் கொடுத்தேன். வயிறு உப்பி, கால்கள் விறைத்துக்கொண்டன. பயந்துபோய் ஆட்டுப்பாலுக்கு மாறி, பேனாவுக்கு மசி ஊற்றும் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டேன். மெல்லத் தேறியது.

ரோஸம்மாள் அடிக்கடி பஸ் ஏறி வருவாள். கூடைக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் உட்காருவாள். "என்ன பால் சார் குடுக்குறீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். மாட்டுப்பாலால் பட்ட பாட்டையும், ஆட்டுப்பாலுக்கு அலைகிற அலைச்சலையும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

அவள் போனதும் பியூன் பக்கிரிசாமியும் எட்டிப் பார்ப்பான். "நல்லா வளத்து விடுங்க. இப்பத் தாளிச்சா ஒரு வாய்க்குக் காணாது."

புண்ணியம்

ஆஸ்பத்திரியில் விட்டுப்போனால் பூனை விடாது. அதனால் சாயங்காலம் கூடையோடு ஸ்ரீரங்கத்தில் என் வாடகை வீட்டுக்குப் போவேன். வீட்டுக்காரர் மகா பக்திமான். கூடைக்குள் இருப்பது என்ன, நாய் அதை எப்படிக் கொண்டுவந்தது, தாய் என்ன ஆனது என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கண்கூடக் கலங்கியது. பிறகு சொன்னார்: "ஜீவரக்ஷணம் பரம புண்ணியம்தான், ஓய். ஆனா அதை என் ஆத்துலதான் பண்ணணுமா?"

தைலக்காரர்

தில்லை நகரிலிருந்து ஒருவர் அல்சேஷனுக்கு ஊசி போட வந்தார். தலையில் நாலு முடி. முயல் ரத்தத்தில் தைலம் காய்ச்சினால் முடி வளரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கூடையைப் பார்த்ததும் நாயை மறந்துவிட்டார். இது பிழைக்க வேண்டிய குட்டி என்றேன். அவர் கோபிக்கவில்லை. போகும்போது தோளைத் தட்டி, "உயிர் போற மாதிரி இருந்தா முன்கூட்டியே சொல்லி அனுப்புங்க. ஆறின ரத்தம் தைலத்துக்கு உதவாது" என்றார்.

சவரிமுத்து கேட்டது

ஒரு காலையில் சவரிமுத்து மட்டும் வந்தார். ஆண் குழந்தையாம். அழவே இல்லையாம். அடக்கம் செய்துவிட்டு நேரே வந்திருந்தார், கால்களில் மண். கூடைக்குள் குட்டி அறுகம்புல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது. என்ன நியாயமோ, எனக்கு அதன் மேல் கோபம் கோபமாக வந்தது.

அவர் கூடையையே பார்த்தபடி இருந்தார். "இது செத்துப்போச்சுன்னு அவகிட்ட சொல்லிடுங்க சார். நாய் கவ்வுனது பொழைக்குது, நான் சுமந்தது பொழைக்கலையான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

ரோஸம்மாள் கேட்டது

அந்த வாரமே பச்சை உடம்போடு பஸ் ஏறி வந்துவிட்டாள். குட்டி எங்கே என்றாள். "போயிடுச்சும்மா" என்றேன். மேஜைக்கு அடியில் கூடை சரசரத்தது.

அவள் குனிந்து மூடியைத் திறந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். ஒரு விரலால் அதன் முதுகைத் தடவினாள். ரவிக்கை நனைந்திருந்தது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"மாட்டுப்பால் ஒத்துக்கலைன்னு சொன்னீங்களே சார். எனக்குப் பால் கட்டிக்கிட்டு உயிர் போவுது, பீச்சிக் கீழதான் ஊத்துறேன். அது இதுக்கு ஒத்துக்குமாங்க?"

வாயில்லா ஜீவன்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வாயில்லாமல் நின்றது கம்பவுண்டர்தான்.