அக்காவின் அளவுக்குச்சி

சிறுவயதில் உடைந்த பிஸ்கட்டையும் கருகிய கேக் ஓரங்களையும் தின்று வளர்ந்ததால்தான் அக்காவுக்கு நீரிழிவு வந்தது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். பன்மையில் எழுதுகிறேனே தவிர, அப்படி நம்பி உருகியவர் அப்பா ஒருவர்தான். கொடைக்கானல் கடைத்தெருவில் ரொட்டி அடுப்பின் முன் நின்றே ஆயுளைக் கழித்தவர் அவர். அம்மா போன பிறகு எங்கள் இருவருக்கும் அவர் கொண்டுவந்து தந்த ஆறுதல் அந்த உடைசல்கள்தாம். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு மணி சீனிகூட நுழையவில்லை. நோயில்லாத அப்பாவும் நானும்கூட வெறுங்காப்பிதான் குடித்தோம்.

இரண்டாம் உலகப் போருக்கு ஓரிரு ஆண்டுகள் முந்திய காலம். அக்காவுக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு இருபத்துமூன்று. ஆறு வயதில் கண்ட பெரியம்மை அவளுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் கோடைக்கு மலையேறி வரும் வெள்ளைக்காரக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு அவள் பின்னித் தந்த ஸ்வெட்டர்களில் ஒரு கண்ணி பிசகி நான் பார்த்ததில்லை. அளவெடுக்க அவளிடம் மூங்கில் குச்சிகள் இருந்தன. கைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று என்று நறுக்கி, எது எதுவென்று விரலுக்குத் தெரிய ஓரத்தில் வெட்டு வைத்திருப்பாள்.

காலையும் மாலையும் அவளுக்கு இன்சுலின் ஊசி போட்டது நான். ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த எனக்கு மன்னவனூர்ப் பள்ளியிலிருந்து இருமுறை அழைப்பு வந்தது. இருமுறையும், அந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதி மறுத்தேன். மூன்றாவது கடிதம் வந்த அன்று அக்கா பின்னலை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இந்தவாட்டியும் குளிருன்னுதான் எழுதப் போறியா? இங்க என்னடி வெயிலா கொளுத்துது?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “ஊசிக்கு யாரு?” என்றேன்.

“எனக்குக் கையில்லையா?”

மறுநாள் அவளே மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டாள். ஊசி குத்துவது பெரிய காரியமில்லை, அளவு பார்ப்பதற்குத்தான் கண் வேண்டும் என்றார் அவர். ஊசியின் கண்ணாடிக் குழலில் போட்டிருக்கும் நுண்ணிய கோடுகளை விரலால் எப்படி அறிவது? நான் பல வழிகளில் முயன்றேன். குழலினுள் நகரும் தண்டில் நூல் கட்டினேன், நூல் வழுக்கியது. அவள் மருந்தை இழுக்க, நான் கோடு பார்த்து “போதும்” என்று சொல்லிப் பழக்கினேன். ஒரு வாரம் கழித்து அவள் சலித்துக்கொண்டாள்.

“இப்படிப் பழகுனா உன் வாயையும் சேத்துல்ல நான் கூட வச்சிருக்கணும்! மருந்தை எதுக்குடி பாக்கணும்? தண்டு எம்புட்டு வெளிய வருதுன்னு தெரிஞ்சாப் போதாதா?”

கம்பளிக் கூடையிலிருந்து மூங்கில் குச்சி ஒன்றை எடுத்தாள். சரியான அளவுக்கு என்னை ஒருமுறை மருந்தை இழுக்கச் சொன்னாள். குழலின் விளிம்புக்கும் தண்டின் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் குச்சியை வைத்து, சரியாகப் பொருந்தும் நீளத்துக்கு நறுக்கினாள். அவ்வளவுதான். அதன்பின் குச்சி பொருந்தும்வரை தண்டை இழுத்தால் அதுவே அளவு. காற்றுக்குமிழி நின்றுவிடாமலிருக்க மூன்றுமுறை இழுத்துத் திருப்பித் தள்ளுவாள். ஒவ்வோர் ஊசிக்கும் நூலில் ஒரு முடிச்சு. முடிச்சுகளை எண்ணிப் புட்டியில் மிச்சம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள்.

டாக்டரம்மா ஐந்துமுறை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். ஐந்தும் ஒரே அளவு. பதினைந்து நாள் நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும், எதையும் தொடக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. இன்னொன்றும் சொன்னார்: மருந்து மிஞ்சினால் உடம்பு நடுங்கும், வேர்க்கும், உடனே இனிப்பு தின்ன வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வெல்லக் கட்டிகளைத் துணியில் முடிந்து கம்பளிக் கூடையின் அடியில் வைத்தோம். வெல்லத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கண்ணீருக்குப் பயந்து நான் தள்ளிப்போட்டேன்.

பதினோராம் நாள் காலையில் பழைய புட்டி தீர்ந்தது. முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்திருந்த புதிய புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதே பெட்டி, அதே நிறம். அக்கா வழக்கம்போல் குச்சி வைத்து அளந்து போட்டுக்கொண்டாள். கேப்பைக் கூழ் குடித்தாள். வேலைக்கு வருகிறேன் என்று எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்க நான் புறப்பட்டேன். வழியில் ஒரு தோழியைக் கண்டு வெகுநேரம் பேசி நின்றுவிட்டேன். மனம் அவ்வளவு லேசாக இருந்தது.

திரும்பியபோது அப்பா வாசலில் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

“கண்ணு முன்னாலயே வெல்லத்தத் தின்னுட்டா தாயி! சீனி குடுங்கன்னு கேட்டா, நான் மாட்டேன்னுட்டேன். கூடையில கைய விட்டு எடுத்து மென்னுட்டா!”

உள்ளே அக்கா சுவரோடு சாய்ந்திருந்தாள். அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின, வாய் மட்டும் ஓயவில்லை.

“அப்பா, செத்த நேரம் பொறுங்க. செத்தா அழுகலாம். இப்பவே அழுதா அப்பறம் கண்ணீருக்கு எங்க போவீக?” என்றவள், என் காலடியோசை கேட்டதும், “வந்துட்டியா? அந்தப் புட்டியில என்ன எழுதியிருக்குன்னு வெரசாப் படி. நான் எதையும் மாத்தல. புட்டிதான் புதுசு” என்றாள்.

படித்தேன். முன்பெல்லாம் ஒரு சி.சி.க்கு இருபது யூனிட் என்று இருக்கும், இதில் நாற்பது. அவள் குச்சி பிசகவில்லை. அதே அளவில் இரட்டிப்பு மருந்து உள்ளே போயிருந்தது. கையில் கிடைத்த எதையும் எழுத்து விடாமல் படிப்பவள் என்று பெயரெடுத்த நான், படிக்க வேண்டிய ஒரே ஓர் எண்ணைப் படிக்கவில்லை.

அவளுக்கு மேலும் வெல்லமும் கஞ்சியும் கொடுத்துவிட்டு ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். அவர் மதியம்வரை அவளருகில் இருந்து, ஆபத்து நீங்கியது என்ற பிறகே எழுந்தார். அந்த வெல்லம்தான் காப்பாற்றியது என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா குச்சியைக் கையிலெடுத்தார்.

“இனிமே இந்தச் சோலியே வேண்டாம் தாயி. கண்ணில்லாத பிள்ள கையில ஊசியக் குடுத்தது தப்பு.”

நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். வேலைக்கு வரவில்லை என்று இன்னொரு கடிதம் எழுதவும் மனத்தளவில் தொடங்கியிருந்தேன்.

அக்கா கையை நீட்டினாள். “குச்சியக் குடுங்கப்பா. தப்புப் பண்ணினது கண்ணுள்ளவ. அதுக்கு என் கையக் கட்டுவீகளா?”

அவள் குரலில் கோபம் இல்லை. ஸ்வெட்டர் கேட்டு வந்தவரிடம் அளவைச் சரிபார்ப்பதுபோல் கேட்டாள். அப்பா குச்சியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அன்றே புதிய புட்டிக்குப் பாதி நீளத்தில் இன்னொரு குச்சி நறுக்கி, ஓரத்தில் இரண்டு வெட்டு வைத்தாள். இனி எந்தப் புதிய புட்டியையும் இருவர் தனித்தனியே எண்ணைப் படித்துச் சொன்ன பிறகே திறப்பது என்று சட்டம் போட்டாள். அப்பாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. மாவு நிறுத்துப் பழகியதால் எண் தெரியும். முதல் ஆள் அவர். இரண்டாம் ஆள் தபால்காரர்.

பதினைந்து நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து எண்ணி முடித்த பிறகுதான் நான் மன்னவனூருக்குப் புறப்பட்டேன். புறப்பட்ட அன்று வெள்ளனே ரொட்டி அடுப்பு வேலை முடிந்து வந்த அப்பா, சட்டைப் பையிலிருந்து சீனிக் கட்டிகள் நான்கை எடுத்து, அக்காவின் கம்பளிக் கூடையில் எண்ணி வைத்தார். பிறகு தமக்கு ஒரு காப்பி கேட்டார், இனிப்பாக.

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஓய்வு பெற்று அதே வீட்டுக்கு நான் திரும்பி வந்திருக்கிறேன். புதிய புட்டி வரும்போது எண்ணை இப்போது நான்தான் படிக்கிறேன். படித்த பிறகு அக்கா அதை வாங்கித் தனியே வைத்துக்கொண்டு, தபால்காரர் வரும்வரை காத்திருக்கிறாள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பது என்றால் நம் தவறிலிருந்தும் அவர் தம்மைக் காத்துக்கொள்ளும்படி விடுவதுதான் என்பதை அவளிடமிருந்தே அறிந்தேன். அப்பா போய்விட்டார்; கூடையில் சீனிக் கட்டி வைக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது, குச்சி அக்காவிடமே இருக்கிறது, நாங்கள் இருவரும் இருக்கிறோம்.