கியர் பெட்டிக்கு ஊற்றிய எண்ணெய்

அண்ணன் போன தோணி கொழும்பு போய்ச் சேரவில்லை. ஐப்பசிக் காற்றில் வெங்காய மூட்டைகளோடு தூத்துக்குடியிலிருந்து கிளம்பியது. தான் வேலை பார்த்த கடையின் சரக்குக்குப் பொறுப்பாக அவன் கூடப் போனான். பத்து நாள் கழித்து மணப்பாடு பக்கம் ஒரு பலகை ஒதுங்கியது. அது அந்தத் தோணியின் பலகைதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் அம்மா காரியம் செய்ய விடவில்லை. மதினி தாலியைக் கழற்றவில்லை.

அவன் விட்டுப்போனது ஒரு மோட்டார் சைக்கிள். முதல் உலக யுத்தம் முடிந்த காலத்து வண்டி. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. கியர் மாற்றும் கம்பி பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். கையால்தான் தள்ள வேண்டும். எனக்கு வேம்பார் உப்பளங்களை மேற்பார்வை பார்க்கும் வேலை. இரண்டாம் யுத்த காலத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. கம்பெனி பெட்ரோலுக்குச் சீட்டு வாங்கித் தந்ததால் அந்த வண்டியை நான் எடுத்தேன்.

இரண்டாம் கியரில் அது ஊளையிடும். மெலிதாகத் தொடங்கி, நீண்டு, தெரு திரும்பும்போது உச்சத்துக்குப் போகும் சத்தம். அண்ணன் காலத்திலிருந்தே அப்படித்தான். நான் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மதினி வாசலுக்கு வந்துவிடுவாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வருவாள். வண்டியில் இருப்பது நான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்ததே அவள்தான். ஆனாலும் ஒரு கணம் அவள் முகம் மலர்ந்து, என்னைப் பார்த்ததும் அணையும். "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். ஒன்றரை வருஷம் தினமும் என் முகத்தைப் பார்த்து அவள் விதவையானாள்.

பிறகு இரண்டாம் கியர் தானாக விடுபடத் தொடங்கியது. வைப்பாற்று மணலில் ஏறும்போது பட்டென்று கழன்றுகொள்ளும். அண்ணன் தகர டப்பாவில் வைத்திருந்த எண்ணெயைத்தான் அதுவரை ஊற்றிக்கொண்டிருந்தேன். டப்பாவில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் மிச்சம். என்ன ஊற்றுவது என்று கேட்டுப் போனேன். எண்ணெய்க்கடை அண்ணாச்சி விளக்கெண்ணெய் என்றார். பட்டாளத்து லாரி ஓட்டுகிறவர் ஒரு போத்தலில் அவர்கள் எண்ணெயைத் தந்தார். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம்.

அந்தப் போத்தலோடு துறைமுகத்துக்குப் போனேன். அங்கே நீராவிப் படகில் என்ஜின் ஓட்டியவன் அண்ணனின் பள்ளிக்கூடத் தோழன், கடற்கரைக் கத்தோலிக்கன். போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர வைத்தான்.

"இதுல கந்தகம் கெடக்குலே. ஒன் பெட்டிக்குள்ள அச்சு சுத்துத புஷ்ஷெல்லாம் வெங்கலம். வெங்கலத்த இது அரிச்சுப் போட்டுரும்."

"அப்போ விளக்கெண்ணெய்?"

"நாள்பட்டா பிசினாட்டம் ஒட்டிக்கிடும். பொறு, நான் தாரேன்."

நீராவி சிலிண்டருக்கு விடும் எண்ணெயைக் கொண்டுவந்தான். பச்சை ஓடிய கறுப்பு. கருப்பட்டிப் பாகு போலக் கனமாக இறங்கியது.

"கொஞ்சம் சூடாக்கி ஊத்து. பல்லுல ஒட்டி நிக்கும். சத்தமும் அடங்கிரும்." கையைத் துடைத்துக்கொண்டே, "ஒங்க அண்ணன்ட்ட எத்தன மட்டம் சொல்லிருப்பேன்! கேக்கவே மாட்டான். வேணும்னே தண்ணியாட்டம் என்ஜின் ஆயிலத்தான் ஊத்துவான். சத்தம் கேட்டாத்தான் அவ வாசலுக்கு வருவான்னு சிரிப்பான்" என்றான்.

அதைக் கேட்டபின் அந்த எண்ணெயை ஊற்றியிருக்கக் கூடாது. ஆனால் மறுநாள் வேம்பார் போக வேண்டும். ஊற்றினேன்.

போகும்போதும் வரும்போதும் கியர் ஒருமுறைகூடக் கழலவில்லை. என்ஜினின் தடதடப்பைத் தவிர வேறு சத்தமில்லை. தெருமுனையில் திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை. கதவைத் தட்டினேன்.

மதினி திறந்து, திடுக்கிட்டு நின்றாள். "வண்டி வந்த மாதிரியே தெரியலையே?"

"எண்ணெய் மாத்தினேன் மதினி."

உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் அப்படியே போனது. வீட்டிலிருந்த அண்ணனின் கடைசி மூச்சை நான்தான் நிறுத்திவிட்டேன் என்று தோன்றியது. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் குத்துக்காலிட்டு, கியர் பெட்டியின் அடித்திருகில் ஸ்பானரை மாட்டினேன். அண்ணன் டப்பா பக்கத்தில் இருந்தது.

"என்ன பண்ணுதீங்க?" பின்னால் மதினி.

"மிச்சமிருக்க பழைய எண்ணெயையே ஊத்திருதேன்." படகுக்காரன் சொன்னதையும் சொன்னேன். சொல்லும்போது என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். "அந்தச் சத்தம் கேட்டா அடுப்புல பால் பொங்குனாலும் விட்டுட்டு ஓடியாருவேன். ஒன்றர வருசமா ஓடியாரேன் தம்பி. கால் ஓஞ்சு போச்சு. அத முடுக்கி வைங்க."

திருகை முடுக்கினேன். அவள் டப்பாவை எடுத்துக் கொல்லையில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஆனியில் ஆசிரியைப் பயிற்சிக்கு நாசரேத் மிஷன் பள்ளிக்குப் போனாள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் என்னளா சொல்லுவேன்?" என்று கேட்டாள். "நான் நாசரேத்ல இருக்கேன்னு சொல்லுங்க அத்தை" என்றாள் மதினி. நான்தான் ரயிலேற்றிவிட்டேன். தாலி அவள் கழுத்தில்தான் இருந்தது. படிப்பு முடிந்து அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் விட்டுப்போன சத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. தருவைகுளம் தாண்டிப் பனங்காட்டுச் சாலையில் தனியாக வரும்போது எனக்குப் பின்னால் அந்த ஊளை கேட்கும். முதல் தடவை வண்டியை நிறுத்தி, இறங்கி, சூடான பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். ஓலைகள் உரசும் சத்தம்தான் இருந்தது. மறுபடி ஏறி ஓட்டினால் மறுபடி கேட்டது, அதே தூரத்தில். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அன்றே வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

வேகமாக ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகவும் ஓட்டிப் பார்த்தேன். ஒருநாள் பொழுது சாயும் வேளையில் பொறுக்க முடியாமல் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, என்ஜினை அணைத்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தூத்துக்குடிப் பக்கமே பார்த்தபடி, வருகிறவன் என்னைத் தாண்டிப் போகட்டும் என்று இருட்டும்வரை வழிவிட்டு நின்றேன்.