சொரிமுத்தையனார் காட்டில் ஒரு சொதி

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காலை பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம்: நான், மனைவி பார்வதி, மகள் வள்ளி, மைத்துனன் சங்கரன். காரையாற்றுக் காட்டில், சொரிமுத்தையனார் கோயில் பக்கம் ஆற்றங்கரையில் குடில் போட்டு மூன்று நாள் தங்குவது பார்வதி பிறந்த வீட்டு வழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் போனதில்லை.

"வீட்டுல கேஸ்ல செய்யுத வேலைய அங்கன விறகுல செய்யதுக்கு நான் எதுக்கு வரணும்?" என்பாள்.

"நீ கரண்டியைத் தொடவே வேண்டாம்" என்று இந்தத் தடவை வீரம் பேசிவிட்டேன்.

"தொட வச்சீங்கன்னா அடுத்த பஸ்ல திரும்பிருவேன். பெறவு எங்கயும் கூப்பிடப்படாது."

பாபநாசத்துக்கு டிக்கெட் ஒன்பது ரூபாய். திருநெல்வேலிக்காரன் வனவாசம் போனாலும் தோசை மாவோடுதான் போவான். நானும் தூக்குச்சட்டி நிறைய மாவைக் கொண்டுவந்து சீட்டுக்கடியில் வைத்திருந்தேன். வெயிலும் குலுக்கலும் சேர, அம்பாசமுத்திரம் தாண்டியதும் மூடி தானாக எழுந்தது. முன்சீட்டில் இருந்த ஏரல் வாழைக்காய் வியாபாரி அண்ணாச்சி காலைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன வே, மாவு எந்திரிச்சு வருது. அதுக்கும் டிக்கெட் எடுத்தாச்சா?"

பார்வதி சன்னல் வழியே தாமிரபரணியைப் பார்த்தபடி இருந்தாள். ஆறு அன்று அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பாபநாசத்திலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் மலைப்பாதை. வேன் இருந்தது. நடப்போம் என்றது நான்; அதற்கென்றே புது பூட்ஸ் வாங்கியிருந்தேன். முண்டந்துறை வருவதற்குள் இரண்டு குதிகாலும் பழுத்துவிட்டன.

"கோயில்ல பட்டவராயருக்குச் செருப்பு காணிக்கை போடுவாங்க அத்தான்" என்றான் சங்கரன். "இதப் பாத்தா அவரே வேண்டாம்பாரு."

மிச்ச மாவு அன்றிரவு தோசையாகக் கல்லில் ஒட்டிக்கொண்டது. சுரண்டிச் சாப்பிட்டோம்.

மறுநாள் அமாவாசை. கரை நெடுக ஓலைக்குடில்கள், மேளம், புகை. ஆற்றில் முங்கிவிட்டு வந்து சொதி வைக்க உட்கார்ந்தேன். மறுவீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுகிற தேங்காய்ப்பால் குழம்பு அது. மாப்பிள்ளையாக மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான். சாப்பிட்டவனுக்குச் சமைக்கத் தெரியாதா என்பது என் கட்சி.

முதல் பாலை ஊற்றினால் உடனே இறக்க வேண்டும். நான் ஊற்றிவிட்டு இரண்டு விறகைச் சேர்த்துத் தள்ளினேன். ஆற்றுப்பாறையில் காலைத் தொங்கப்போட்டிருந்த பார்வதி எழுந்துவிட்டாள். வள்ளி என்னைப் பார்த்தாள். சங்கரன் பஸ் வரும் திசையைப் பார்த்தான். பால் திரிந்து திரிதிரியாகப் பிரிந்தது. அதன்மேல் எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து நான் காரியத்தை முடித்தேன்.

பக்கத்துக் குடிலில் தங்கியிருந்து வாழை இலை கொடுக்க வந்த ஏரல் அண்ணாச்சி சட்டிக்குள் எட்டிப்பார்த்தார். "தாயி, நீங்க ஒரு கை வச்சிருக்கப்படாதா?"

பார்வதியின் கை கரண்டிவரை வந்தது. பிறகு இலையை வாங்கித் தண்ணீர் தெளித்து, தன் முன்னால் விரித்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை அடுப்படிக்கா போவான், அண்ணாச்சி? நீங்க ஊத்துங்க" என்றாள், கடைசி வார்த்தையை என்னைப் பார்த்து.

ஊற்றினேன். சாப்பிட்டாள். இலையில் கை காய்வதற்குள், "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

மூன்றாம் நாள் பூட்ஸைப் பட்டவராயரிடம் ஒப்படைத்துவிட்டு வேனில் மலை இறங்கினேன். அவர் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்வதி அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

"அமாவாசை திரும்ப எப்ப வருது?"

"அடுத்த ஆடியிலதான்" என்றேன், குதிகாலைத் தடவியபடி நிம்மதியாக.

"ஆடி அமாவாசைய யாரு கேட்டா? சும்மா அமாவாசை மாசாமாசம் வருதுல்லா."

காட்டைவிட வீடு வசதிதான். விறகைத் தள்ள வேண்டாம். தீயைக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. அப்படியும் ஆவணி அமாவாசைச் சொதி திரிந்துதான் போயிற்று. அவள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.