நான் முடித்து வைத்த வாக்கியங்கள்

என் வீட்டுக்காரர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு இழைத்து, ஓரத்தை மழுக்கி, உள்ளே உட்காரவைக்கும் வேலை. கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், இருபத்தோரு வருஷமாக அதே மெஷின் முன்னால். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைத் தூள் இருக்கும். அவருக்குத் திக்குவாய். எனக்கோ வாய் ஓயாது. பொருத்தம் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று என் நாத்தனார் கேலி செய்வாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் முதல் எழுத்தே நாலைந்து தடவை வரும். சில நாள் ஒன்றுமே வராது. வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். எதிரே நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் அவர் நின்ற இடத்திலிருந்து நான் பிடித்துக்கொள்வேன். டாக்டரிடம், பக்கத்து வீட்டில், என் அம்மாவிடம், எங்கேயானாலும் அவர் தொடங்குவார், நான் முடிப்பேன், அவர் தலையாட்டுவார். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

போன மாதம் ஒரு பெண் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தாள். திக்குவாய் ஒருவருடைய வேலையையும் குடும்பத்தையும் என்ன செய்கிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவளாம். சாப்பாடு கொண்டுபோன நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் வர முடியுமா சார்?” என்று இவர் திக்குவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். இவர் வாயெடுத்தார்.

“ஓ, தாராளமா வர்றோம்கறாரு” என்றேன் நான்.

போனோம். மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கேமரா. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஏதாவது பெரிய முடிவைப் பற்றி, வீட்டில் பேசுகிற மாதிரி இருபது நிமிஷம் பேசச் சொன்னாள். எங்களுக்கு அப்படி ஒன்றுதான் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி இரண்டாவது கடை திறந்தபோது, முன்னால் நின்று வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ள இவரைக் கூப்பிட்டார். இவர் போகவில்லை. அதைப் பற்றிப் பேசினோம். பேசினோம் என்ன, பேசினேன்.

அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னாள். எடுத்த படத்தை ஓடவிட்டு, நான் அவர் பேச்சை முடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினாள். அவர் சொல்ல வந்தது அதுதான் என்றால் அவரே தாளில் டிக் போட வேண்டும், இல்லையென்றால் பெருக்கல் குறி. யாரும் வாய் திறக்கக் கூடாது. முப்பத்து நாலு முறை நிறுத்தினாள். முப்பத்து நாலும் டிக்தான் என்று நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தாளை என்னிடம் நீட்டினாள். ஒன்பது பெருக்கல் குறி.

இவருக்குச் சர்க்கரை போட்ட டீ பிடிக்காது என்று நான் சொன்ன இடத்தில் ஒன்று. அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷம் சர்க்கரையில்லாத டீயை மூஞ்சியைச் சுளிக்காமல் குடித்தாயே! இன்னொரு இடத்தில், “அன்னிக்கு முதலாளி கேட்டப்போ எ...எனக்கு...” என்று அவர் நிற்கிறார். “துளிகூட இஷ்டமில்ல. நாலு பேர் முன்னாடி நிக்கறது இவருக்கு ஆகவே ஆகாது” என்கிறேன் நான். அங்கே பேனா தாளைக் கிழித்திருந்தது.



தெருவுக்கு வந்ததும் கேட்டேன். “ஏங்க அப்பவே சொல்லல?”

நின்றார். பேருந்து ஒன்று போனது. “அன்னிக்குக் கடையில முதலாளிகிட்ட நீ ந...நல்லா சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கு மேல எ...எப்படி மாத்தறது?”

யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குப் புரியவில்லை. பேசியது என் வாய் என்றால், ஆட்டியது அவர் தலைதானே? அதன்பிறகு வீட்டில் என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. அவர் தொடங்கினால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. முடித்து வைத்தாலோ, இதுவும் பத்தாவது பெருக்கல் குறியோ என்று பயம். அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். “நான் பேசணுமா, பேசக் கூடாதா? ஒண்ணு சொல்லு.”

“சிலருக்கு அது உதவி அக்கா, சிலருக்குத் தொந்தரவு. அதைத்தான் நானும் படிச்சிட்டிருக்கேன்” என்றாள். நல்ல படிப்பு!

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டாவது கடையில் முன்னால் நிற்பவர் வேலையை விடப்போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவரிடம் மூச்சு விடாமல் நேரே முதலாளியிடம் போனேன். “அவருக்கு அந்தக் கடைமேல ரொம்ப நாளா ஆசைங்க. வெளிய சொல்லமாட்டாரு” என்றேன். பாவத்தைக் கழுவிவிட்ட நிம்மதி எனக்கு.

முதலாளி அங்கேயே இவரைக் கூப்பிட்டார். இவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அந்தக் கடையில முன்னாடி நிக்க ஆசையாமே உனக்கு? உன் சம்சாரம் சொல்லுது. அடுத்த மாசத்துலேர்ந்து போறியா?”

அவர் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். முதலாளி வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

“அ...அன்னிக்கு ஆசை இருந்துச்சு” என்றார். அப்புறமும் நேரம் போனது. “இப்ப இ...இல்ல.”

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை. “வ...வர்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வா...வார்த்தை கேட்டியா?”

பின்னறைக்குப் போய்விட்டார். மெஷின் ஓடத் தொடங்கியது.

“என்னம்மா, நிஜமாவே வேணாங்கறானா, இல்ல கூச்சப்படறானா?” என்றார் முதலாளி.

இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் முதலாளியிடமும் சொன்னேன்.