திறந்திருந்த பக்கம்

ஒரு சேலை விலையை மாற்றக்கூட போன் செய்து உயிரை வாங்குபவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதனால் நான் செய்து தரும் வெப்சைட் எல்லாவற்றிலும் சிஎம்எஸ் வைத்துவிடுவேன். விலை, படம் எதுவானாலும் கடைக்காரரே மாற்றிக்கொள்ளலாம். நகரியில் பவர்லூமும் சேலைக் கடையும் வைத்திருந்த ஒருவர் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டதே இல்லை.

அவர் இறந்து, காரியம் முடிந்ததும், கடை மூடியாகிவிட்டது என்று வெப்சைட்டில் போடச் சொன்னார் அவர் மனைவி. திருப்பதியில் என் அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவர் பெயரைப் போட்டு, 'இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார்' என்றது திரை.

பட்டப்பகலில் எழுந்து அறை விளக்கைப் போட்டேன். அவர் மனைவிக்கு, அந்த அக்காவுக்கு, போன் போட்டேன்.

"அவரு உட்டுட்டுப் போன மாதிரியே லேப்டாப்ப தொறந்தே வெச்சிக்கினு கீறேன் தம்பி. இப்பத்தான் தொடச்சிக்கினு இருந்தேன்."

அவர் பெயரிலேயே அந்தப் பக்கம் அதில் திறந்து கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். விளக்கை அணைத்தேன். அவரை விலக்கிவிட்டு நான் திருத்துவதற்கான பட்டனை அழுத்தினேன்.

போனில் அக்காவின் குரல் இறங்கியது. "அவரு எடத்த நீ எடுத்துக்கினன்னு இதுல வருதே தம்பி. அப்போ அவரு இனிமே எங்க போவாரு?"