மகளின் இரண்டு கதவுக் கார்

ஜப்பானியர் ஐம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்கருக்கென்றே செய்த கார் அது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, வேகம் காட்டும் முள் மைலில். கலிபோர்னியாவின் காய்ந்த வீதிகளுக்குப் பொருந்தியிருக்கும். ஒஸ்லோவின் இலையுதிர்கால மழைக்கு அது செய்யப்படவில்லை.

என் மகள் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கினாள். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதி மரக்கறிக் கடையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லாரும் கரண்ட் கார் ஓடுகினம். உங்கடை பிள்ளை இரும்புக்குப் போடுறதை வாங்கியிருக்கு. படிச்ச பிள்ளையெல்லே?" நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதன்முதல் அவள் பக்கத்தில் இருந்து போனபோது முள் அறுபதில் நின்றது.

"நிதானமா ஓடுறாய், நல்லது," என்றேன்.

"அப்பா, அது மைல்."

கிலோமீற்றரில் கிட்டத்தட்ட நூறு.

சில வாரங்களில், மழை நாளொன்றில், வளைவில் கார் சுழன்று தடுப்பில் மோதியது. தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் என்னைக் கண்டதும் கேட்டாள்: "கார் எங்கை நிக்குது?"

விற்றுவிடுவாள் என்று நம்பினேன். அவளோ ஸ்ட்ரோம்மனில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, அமெரிக்காவிலிருந்து பழைய உதிரிப்பாகங்களை வரவழைத்தாள். "நீங்கள் வராட்டி ஒற்றைக் கையாலை செய்வன்," என்றாள். செய்யக்கூடியவள்தான். அதனால் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் போனேன். கையைத் தூக்கிக் கட்டியபடி அவள் காட்டினாள், நான் நட்டுகளை இறுக்கினேன்.

"இன்னும் கொஞ்சம். காணும் அப்பா, புரி போயிடும்."

"தகப்பனும் மகளுமாச் சேர்ந்து பாடை கட்டுறியள்," என்றாள் மனைவி.

மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அந்த மைல் முள்ளை மாற்று.

"மாத்தினா ஒரிஜினல் இல்லை. பிறகு ஒருத்தரும் மதிக்க மாட்டினம்."

இந்த வசந்தத்தில் கார் பரிசோதனையில் தேறியது. கராஜ் வாசலில் மகள் காரின் கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறுங்கோ."

"நான் பஸ்ஸிலை வாறன்."

கதவைச் சாத்தினாள். "உங்கடை விருப்பம்," என்று போய்விட்டாள்.

பஸ் தரிப்பில் நின்ற நோர்வேக்காரக் கிழவர், கார் மறையும்வரை பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார். மகளுடையது என்றேன். நீங்கள் பெருமைப்படவேண்டும் என்றார்.

பஸ்ஸில் இருந்தபடி, முன் சில்லுகளின் நட்டுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் மறுபடி இறுக்கிப் பார்த்தேன். வலது பக்கத்தில் ஒன்றை இறுக்கியதாக எனக்கு ஞாபகமே வரவில்லை.