ஒரு கல் அளவு ஓட்டை

சின்னக்கானல் சரிவில், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம். பத்து வீடு, ஒரே தகரக்கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை வெறும் வெளி. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீடும் தும்மும். கட்டிக் கொடுத்த மகராசன் மாட்டுக்கொட்டகை என்று நினைத்துத்தான் கட்டியிருப்பான்.

எட்டாம் வீட்டில் சுருளியம்மாள். என்னோடு சேர்ந்து கொழுந்து எடுத்தவள். கை வேகம், வாய் கிடையாது. புருசன் நல்லதம்பிக்கு ஃபேக்டரியில் வேலை. வெளியில் அவனைப் போலத் தங்கமான ஆளைப் பார்க்க முடியாது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் கை நீளும். அவன் கையை ஓங்கியதும் சுருளி ஒரு சத்தம் போடுவாள். உடனே ஏழாம் வீட்டுச் சாந்தம்மாள் தட்டை எடுத்துச் சுவரில் டமடமவென்று அடிப்பாள்.

“ஏலே நல்லதம்பி! கையை எடுக்கியா, நான் அங்க வரட்டா?”

அவ்வளவுதான், பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவான். கூரைக்குக் கீழே இருந்த அந்த வெளியால்தான் சுருளி உயிரோடு இருந்தாள். அவளே என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறாள்.

எழுபத்தைந்தில் லயத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கம்பெனி கிளம்பியது. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. ஓடைக்கரையில் இடிந்து கிடந்த பழைய லயத்தின் கல்லும் மரமும் தகரமும்தான் எங்களுக்கு வந்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல கல். கூரை ஒழுகலும் நின்றது. நடுச்சுவரைக் கூரை வரை ஏற்றப்போகிறார்கள் என்றதும் லயமே குதித்தது. இனிமேல் மானமாகப் பேசலாம், மானமாகப் படுக்கலாம். எல்லாரையும்விட நல்லதம்பிக்குத்தான் சந்தோஷம்.

கல் சுமக்கப் பெண்களைப் போட்டார்கள். தன் வீட்டுச் சுவருக்குக் கல்லைச் சுருளியே தலையில் சுமந்தாள். ஏழாம் வீட்டுப் பக்கம் கடைசி வரிசை வைக்கும்போது கொத்தனார் மிக்கேல்ராஜிடம் போய் நின்றாள்.

“அண்ணே, மேல ஒரு கல்லு மட்டும் வைக்காம விடுங்கண்ணே.”

“எதுக்கும்மா?”

“பொகை போகணும்ல.”

வேறு என்ன சொல்வாள்? நல்லதம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மிக்கேல்ராஜ் நல்ல மனுசன், ஒரு கல்லை விட்டுவிட்டார். மறுநாள் என்னைப் பார்த்துச் சுருளி சிரித்தாள்.

“அது போதும்க்கா. சத்தம் அந்தப் பக்கம் போயிரும்.”

மழை தொடங்கிய பிறகு ஒருநாள், கூடையைத் தூக்க அவள் வலது கை எழும்பவில்லை. மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

“சத்தம் போடலியாடி?”

“போட்டேன்க்கா. ஓட்டையை அடைச்சிருக்கு.”

நல்லதம்பிதான் அடைத்திருப்பான், கட்டையிலே போவான் என்று வைதுகொண்டே, சாயங்காலம் குழாயடியில் சாந்தம்மாளிடம் சொன்னேன். அவள் இடுப்பிலிருந்த குடத்தைக்கூட இறக்கவில்லை.

“நாந்தான் சாக்கைத் திணிச்சு மண்ணைப் பூசுனேன். இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்கு, அவ பொகையில சுவரு கரியாப் போவுது.”

“அடிப்பாவி! அந்தப் பிள்ளையைப் போட்டு அடிக்கான்டி. நீதானே கேட்டுக் கேட்டு அவனை அடக்குனே?”

“அப்பக் காதுல விழுந்துச்சு, தூக்கம் கெட்டுச்சு, கத்துனேன். இப்பத்தான் விழலியே. புருசன் பொண்டாட்டிக்குள்ள நமக்கென்ன?”

என் வீடோ முதல் வீடு, அங்கே நடப்பது எனக்கு எப்படிக் கேட்கும்?

அடுத்த மாதம் தோட்டத்து மேனேஜர் துரை லயத்தைப் பார்க்க வந்தார். இங்கே இப்போது சண்டைச் சத்தமே இல்லையாமே, நல்ல காரியம் என்று பாராட்டிவிட்டுப் போனார். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்லதம்பி கும்பிடு போட்டான்.

மறுநாள் தேயிலைக் காட்டில் சுருளியிடம் நான்தான் எரிந்து விழுந்தேன்.

“இன்னும் பெலமாக் கத்தித் தொலையேன்டி!”

அவள் இடது கையால் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

“கத்துனா அவருக்கு மட்டுந்தான்க்கா கேக்குது. அதுக்கும் சேத்து அடிக்காரு.”